மூன்று குவியல் கணக்கு

மனாமா,
வெள்ளிக்கிழமை மத்தியானம்

அன்புள்ள மாப்ளைக்கு,

நீ அனுப்பிய குரல்பதிவை நானும் உன் அக்காவும் இரண்டு தடவை கேட்டோம். பஹ்ரைனில் ஒரு கம்பெனி 450 தினார் தருகிறேன் என்கிறது, ஒரு தினாருக்கு 220 ரூபாய் என்று வைத்துப் பெருக்கினால் 99,000. மிச்ச ஆயிரத்தை நீயே கைக்காசு போட்டு லட்சமாக்கிவிட்டாய். அதற்குள் தூத்துக்குடி மில்லர்புரத்தில் மனை விலை வேறு விசாரித்தாயாமே? உன்னைக் குறை சொல்லவில்லை. வந்த புதிதில் நானும் டீக்கடையில் நின்று பெருக்கிக்கொண்டிருந்தவன்தான். பெருக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

ஒரு காலத்தில் இந்தப் பெருக்கல் சுலபம். 1965 வரை இங்கே புழங்கியதே ரூபாய்தான். கடைசி ஆறு வருஷம் வளைகுடாவுக்கென்று நம்ம ரிசர்வ் வங்கி தனி ரூபாயே அச்சடித்தது. தினார் வந்த அன்றைக்கு 10 ரூபாய்க்கு ஒரு தினார். அப்புறம் தினார் டாலரின் கையைப் பிடித்துக்கொண்டது. நம்ம ரூபாய் போன வழி உனக்கே தெரியும். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் வாயில் 100 ஃபில்ஸுக்கு இன்னமும் ‘ரூபியா’ என்றுதான் பெயர். முதல் வாரம் ரொட்டிக்கடைக்காரர் “ரூபியா” என்றதும், அட, ஒரு ரூபாய்க்கு ரொட்டியா என்று பத்து வாங்கினேன். முழுசாக ஒரு தினாரை எடுத்துக்கொண்டார். மூன்று நாள் வீட்டில் ரொட்டிக்கு ரொட்டியே தொட்டுக்கொண்டோம்.

ஆகவே பெருக்காதே, குவித்துப் பார். இது எங்க தாத்தா கணக்கு. 1961-ல் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்ததே, அந்தச் சலாபத்துக்குப் போனவர் அவர். மூச்சடக்கி எடுத்த சிப்பியைக் கரையில் மூன்று குவியலாகப் போட வேண்டும். இரண்டு சர்க்காருக்கு, ஒன்றுதான் மூழ்கியவர்களுக்கு. அந்த ஒன்றிலும் படகுக்கும் கயிறு பிடித்தவனுக்கும் பங்கு உண்டு. (மார்க்கோ போலோ வந்த காலத்தில் ராஜாவுக்குப் பத்தில் ஒன்று, சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டியவருக்கு இருபதில் ஒன்றுதானாம். விலைவாசி எல்லாக் காலத்திலும் ஏறத்தான் செய்திருக்கிறது.)

இங்கே வருமான வரி கிடையாது என்று நீ குதித்ததும் பதிவில் கேட்டது. வாஸ்தவம், கிடையாது. சர்க்கார் இடத்தில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். ஒரு படுக்கையறை வீட்டுக்கு 200 தினார். நம்மைப்போல வெளிநாட்டுக்காரன் என்றால் வாடகையில் 10 சதவீதம் நகராட்சிக்கு, அது 20. கரண்டும் தண்ணீரும் 30. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏ.சி.யை நிறுத்துவது என்ற பேச்சே கிடையாது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் வேனும் 50. கூட்டு: 300. அச்சு அசல் இரண்டு குவியல்! மிச்சம் 150 தினார், அதாவது 33,000 ரூபாய்.

இப்போது ஊர்க் கணக்கைப் போடு. ஷிப்பிங் ஆபீஸில் உனக்கு 45,000. வாடகை 9,000, பள்ளிக்கூடமும் கரண்டும் 3,000. மிச்சம் எவ்வளவு? அதே 33,000! அந்தப் பணத்தையே கடல் தாண்டி வந்து, மேலுக்குப் பத்து சதவீத மதிப்புக் கூட்டு வரியும் கட்டிச் செலவழிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

கம்பெனியே வீடு கொடுத்தால் சங்கதி வேறு. எனக்குக் கொடுக்கிறது, அதனால்தான் சாய்ந்து உட்கார்ந்து உனக்கு வியாக்கியானம் எழுதுகிறேன். தனியாளாக வந்து, ஓர் அறையில் ஐந்து பேரோடு ‘பெட் ஸ்பேஸ்’ எடுத்தாலும் குவியல் தலைகீழாகிவிடும்: ஒன்று செலவு, இரண்டு மிச்சம். ஆனால் அந்த ஐந்து பேரில் ஒருவன் கட்டாயம் குறட்டை விடுவான். அதற்கு எந்த நாணயத்திலும் விலை கிடையாது.

சேர்ந்த மாதம் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. படி நிர்ணயிக்க ஒரு படிவம் கொடுத்தார்கள்: ஊரில் உங்கள் மாதச் செலவு என்ன? பொழுதுபோக்கு என்ற கட்டத்தில் உள்ளது உள்ளபடி எழுதினேன்: ‘நைட் கிளப், மாதம் 20 நாள், 3,000 ரூபாய்.’ மேலாளர் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “வீட்டில் தெரியுமா?” என்றார். “தெரியுமாவது! அவளும் கூடத்தான் வருவாள். மாமியாருக்குப் பார்சல் வாங்கிப் போகாவிட்டால் கோபித்துக்கொள்வார்” என்றேன். அவர் தண்ணீர் குடித்தார். தூத்துக்குடியில் பரோட்டாக் கடைக்கு அதுதான் பெயர், எண்ணெயில் பொரித்துச் சால்னா ஊற்றித் தருவார்கள் என்று விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. பொழுதுபோக்குப் படி கிடைக்கவில்லை.

மீன் விஷயத்தில் கவலைப்படாதே. நம்ம விளமீன்தான் இங்கே ‘ஷேரி’. கிலோ இரண்டு தினார், ஊர் விலைக்குப் பக்கம்தான். அவமானம் உப்பில்தான். முத்தையாபுரத்துப் பக்கம் உப்பு மலைமலையாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவன், எங்கேயோ விளைந்த உப்பை 200 ஃபில்ஸ் கொடுத்துப் பாக்கெட்டில் வாங்கினேன். பில்லை உன் அக்காவிடம் காட்டவில்லை.

முஹர்ரக்கில் பழைய முத்து வணிகர் வீடுகள் இருக்கும் தெருவுக்கு ஒரு நாள் போனோம். 2012-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். படகுத் தலைவரான நகுதாவிடம் முன்பணம் வாங்கித்தான் அந்தக் காலத்தில் மூழ்கப் போவார்களாம், சீசன் முடிந்தும் கடன் தீராதாம். கேட்டுக்கொண்டே வந்தேன், கை தானாகச் சட்டைப் பையிலிருந்த கிரெடிட் கார்டைத் தடவிப் பார்த்தது.

டிக்கெட்டையும் கணக்கில் சேர். வ.உ.சி. கப்பல் விட்டபோது வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கி, கடைசியில் சும்மாவே ஏற்றி, கையில் குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். இன்றைக்கு நமக்குப் போட்டிக் கப்பல் விட ஆள் இல்லை. ஜூலையில் பள்ளிக்கூடம் மூடியதும் திருவனந்தபுரம் டிக்கெட் விலை பனைமரம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதே ஜூலை 26-ல்தான் பனிமய மாதாவுக்குக் கொடியேறுகிறது. மாதாவும் விமானக் கம்பெனியும் பேசிவைத்துக்கொண்டு தேதி குறித்ததுபோல இருக்கிறது. நாலு வருஷத்தில் ஒரே ஒரு திருவிழாவுக்குத்தான் வந்தோம், அதுவும் ஆகஸ்ட் 5 பவனி முடிந்த பிறகு.

ஆகவே 450-க்குத் தலையாட்டாதே. வீடு கேள், இல்லையென்றால் 650 கேள். இரண்டும் இல்லையென்றால் மனை விசாரித்த கையோடு பேசாமல் ஆபீஸுக்குப் போ.

வருவதாக முடிவானால் மக்ரூன் இரண்டு டப்பா, கருப்பட்டி, கருவாடு. மக்ரூனைக் கையில் வைத்துக்கொள். போன தடவை பெட்டியில் போட்டு, இங்கே வந்து சேர்ந்தது முந்திரிப்பொடி. பில்லை எப்படியோ பார்த்துவிட்ட உன் அக்கா, கூடவே ஐந்து கிலோ உப்பும் கொண்டுவரச் சொல்கிறாள். எடை கூடினால் விமானத்தில் கிலோவுக்கு என்ன வாங்குவான் என்று நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

இப்படிக்கு,
அத்தான்