ஓப்பன் சோர்ஸ் முதலாளி

ஓப்பன் சோர்ஸ் முதலாளி மென்பொருள் உலகில், அதிலும் டேட்டாபேஸ், தேடுபொறி வகையறாக்களைச் சுற்றி அதிகம் காணப்படுபவர். இளமையில் இவரை அடையாளம் காண்பது எளிது. லேப்டாப்பின் மூடியே தெரியாதபடி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்த கதையை, கேட்காதவரிடமும் சொல்வார். நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம், விற்கவும் செய்யலாம் என்பது இவருடைய வேதம். கடைசிச் சங்கதியை மட்டும் அந்த வயதில் அவ்வளவு ஊன்றிப் படித்திருக்க மாட்டார்.

அடுத்தது முதலீட்டுப் பருவம். இலவசம் என்பதால் நிரல் ஊரெல்லாம் பரவும். கிட்ஹப்பில் அதற்கு விழுந்த நட்சத்திரங்களை முதலீட்டாளர்களிடம் காட்டுவார். நட்சத்திரம் பார்த்து ஜாதகம் கணிப்பதில் அவர்களும் கைதேர்ந்தவர்கள். வெளியிலிருந்து நிரல் எழுதித் தருபவர்களிடம் இந்தப் பருவத்தில்தான் பெரும்பாலும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கப்படும். “சும்மா ஒரு சம்பிரதாயம்” என்பார். அவர்கள் எழுதியதை நாளை வேறு உரிமத்தில் வெளியிடும் அதிகாரம் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்வது அந்தச் சம்பிரதாயத்தால்தான்.

மூன்றாவது, வயிற்றெரிச்சல் பருவம். பெரிய கிளவுட் நிறுவனம் ஒன்று அதே நிரலை எடுத்துத் தன் சர்வரில் ஓட்டி, மாதக் கட்டணத்துக்கு விற்கத் தொடங்கும். அன்னதானத்தில் வாங்கிய சோற்றை எதிர்வீட்டில் மெஸ் வைத்து விற்பதைப் பார்த்த தர்மகர்த்தாவின் நிலைதான் இவருக்கு. எரிச்சலில் நியாயம் இல்லாமல் இல்லை: எழுதிய செலவு இவருடையது, வசூல் அங்கே. ஆனால் விற்கலாம் என்று எழுதிக் கொடுத்தவரும் இவரே.

பிறகு ஒருநாள், அப்படி விற்பதைத் தடுக்கும்படி உரிமம் மாறும். அந்த அறிவிப்புக் கடிதத்துக்கென்று ஒரு வாய்பாடு உண்டு. முதல் பத்தியில் சமூகத்துக்கு நன்றி. இரண்டாவதில் திறந்த நிரலின் மீது குன்றாத பற்று. மூன்றாவதில் பயணத்தின் அடுத்த கட்டம். நான்காவதில், பொறுமையாகப் படிப்பவர் கண்ணில் மட்டும் படும்படி, புதிய உரிமம். ஐந்தாவதில், பெரும்பாலானோருக்கு எந்த மாற்றமும் இல்லை என்ற ஆறுதல். மாங்கோடிபி 2018இலும், எலாஸ்டிக் 2021இலும், ஹாஷிகார்ப் 2023இலும், ரெடிஸ் 2024இலும் உரிமத்தை மாற்றின.

இங்கே ஒரு சிக்கல். பழைய உரிமத்தில் வெளிவந்த பதிப்பைத் திரும்பப் பெற முடியாது. யார் வேண்டுமானாலும் அதை எடுத்துத் தனியே வளர்க்கலாம். எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து அமேசான் ஓப்பன்சர்ச்சைத் தொடங்கியது. ஹாஷிகார்ப்பின் டெராஃபார்மிலிருந்து ஓப்பன்டோஃபுவும் ரெடிஸிலிருந்து வால்கீயும் கிளைத்து, லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வந்தன. யாரை வெளியே நிறுத்தக் கதவு சாத்தப்பட்டதோ அவர் சொந்தக் கடை திறந்துவிட்டார்; நேற்றுவரை சம்பளமில்லாமல் உழைத்தவர்களும் அங்கே போய்விட்டார்கள்.

கடைசிப் பருவம் இருவகை. சிலர் திரும்பி வருவார்கள்: எலாஸ்டிக் 2024இலும் ரெடிஸ் 2025இலும் ஏஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தைச் சேர்த்துக்கொண்டன. அதற்கும் ஒரு கடிதம் உண்டு. சமூகத்துக்கு நன்றி அதிலும் உண்டு. சிலர் நல்ல விலைக்குக் கைமாறுவார்கள்: ஹாஷிகார்ப்பை ஐபிஎம் 640 கோடி டாலருக்கு வாங்கியது.

இந்தப் பருவங்கள் எதுவும் லினக்ஸ் கெர்னலைத் தொடவில்லை. ஐபிஎம், இன்டெல் முதல் கூகுள் வரை பெரிய நிறுவனங்களின் ஊழியர்கள் அதற்கு நிரல் எழுதினாலும், பதிப்புரிமை ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்கிறது. அதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே ஆசைப்பட்டாலும் தனியாக உரிமத்தை மாற்ற முடியாது. எனவே ஒரு திட்டத்துக்கு உழைப்பைத் தர விரும்புவோர் முதலாளியின் கொள்கைப் பிரசங்கத்தை நிதானமாகப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். நீட்டுகிற ஒப்பந்தத்தை மட்டும் கையெழுத்துக்கு முன்பே படித்துவிட வேண்டும்.