மாட்டை வுட்டுட்டு ஆத்தைப் புடிச்சவன்

எப்பா பேராண்டி, எருது விடற திருவிழாவுல தடுப்புக் கட்டையில தொங்கிகினு படம் எடுத்தவன் நீ. இப்போ திமிரியிலேர்ந்து ஆற்காட்டுக்குப் போயி, பாலாத்து மணல்ல ஸ்டாண்டு நட்டு, லென்ஸுக்குக் கருப்புக் கண்ணாடி மாட்டிகினு மூச்சு வுடாம நிக்கிறியாமே? மணல் திருடனைப் புடிக்க வந்த சர்க்காரு ஆளுன்றான் ஒருத்தன். பொண்ணு வூட்டுல வேணாம்னுட்டாங்கோ, அந்த ஏக்கம்ன்றான் இன்னொருத்தன். நான் ரெண்டையும் மறுக்கல.

மாட்டுக்கு 1/2000 நொடி போதும், ஆத்துக்கு ரெண்டு நிமிசம் வேணும்னியே, கணக்குப் போட்டுப் பாத்தன். அந்த ரெண்டு நிமிசத்துக்குள்ள 2,40,000 மாட்டுப் படம் அடங்கும்டா! சரி, தண்ணி ஓடினாலாவது ஞாயம். 2021 நவம்பர்ல ஆறு கரை புரண்டு வந்துச்சே, அப்போ எங்க போன? இப்போ கெடக்கிறது வெறும் மணலு. அது அரை நொடிக்கும் ஆடாது, அரை நாளைக்கும் ஆடாது.

உன்னாட்டம் ஒருத்தன் இருந்தான், ஆனா தலைகீழு. மைபிரிட்ஜுன்னு இங்கிலாந்துக்காரன். 1872-ல அமெரிக்காவுல யோசெமிட்டி மலைக்குப் போயி பெருசு பெருசா கண்ணாடித் தட்டுல அருவியை எடுத்தான். தட்டுல வெளிச்சம் ஏற நாழியாவும், அதனால தண்ணி தாரையா வழிஞ்சிகினு வுழுந்துச்சி. அவன் ஆசைப்பட்டு செய்யல, வேற வழியில்ல. அப்புறம் 1878-ல கேமராவை வரிசையா அடுக்கி, ஓடற குதிரைக்கு நாலு காலும் ஒரே நேரத்துல தரையை வுட்டு எழும்புதுன்னு காட்டினான். அவன் நின்னு எடுத்து ஓட்டத்துக்கு வந்தான். நீ ஓட்டத்தை வுட்டு நிக்கப் போற. வயசாவுது இல்ல?

அதுக்கும் முன்ன, 1838-ல பாரீசுல டாகேர்னு ஒருத்தன் மேல்மாடியிலேர்ந்து தெருவை எடுத்தான். வண்டியும் ஜனமுமா நெரியற தெரு, படத்துல வெறிச்சோடிக் கெடக்குது. போனவன் வந்தவன் எல்லாம் அழிஞ்சி போனான். ஒருத்தன் மட்டும் தப்பிச்சான்: காலைத் தூக்கி வெச்சிகினு பூட்சுக்குப் பாலீசு போட்டுகினவன். போட்டோவுல வுழுந்த மொதல் மனுசன் அவன்தான்னு சொல்றாங்கோ. ஆம்பூர் ஷூ கம்பெனிக்காரங்க அந்தப் படத்துக்கு மாலை போடணும். பாலீசு போட்டவனும் அங்கதான் கீறான், ஆனா மங்கலா. கையி ஆடிகினே இருந்துச்சே! காலைக் குடுத்தவன் தெளிவா நிக்கிறான், வேலை செஞ்சவன் கலைஞ்சி போறான். இதுக்குப் பாரீசு வரைக்கும் போவணுமா, நம்ம ஊர்லயே பாக்கலாம்.

வெளிச்சத்தைக் கொறைச்சி நேரத்தை இழுக்கற உன் கருப்புக் கண்ணாடி பண்றதும் அதே வேலைதான். மழை பேஞ்சதும் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் ஷாப்புக் கழிவால ஆத்துல நுரை பொங்குதே, அதை ரெண்டு நிமிசம் எடுத்துப் பாரு. நுரை கரைஞ்சி பனிமூட்டமா ஆயிடும், தேவலோகம்தான். பட்டணத்துக்காரன் எந்த ஊரு இதுன்னு கேட்டு மூட்டை கட்டுவான், வந்து மூக்கைப் பொத்திகினு திரும்புவான். ஆத்தைக் கெடுத்தவனே காசு குடுத்து சரி பண்ணணும்னு 1996-ல சுப்ரீம் கோர்ட்டு வேலூர் கேசுல தீர்ப்பு சொல்லிச்சி. கோர்ட்டுக்கு இன்னும் முடியாததை நீ ஒரு கண்ணாடித் துண்டுல முடிச்சிட்டியேடா!

அதனால சொல்றன், அந்தப் பழைய கையை மறந்துடாத. மொதல்ல மாட்டை எடுக்கற வேகத்துல நுரையை எடு, ஒவ்வொரு கொப்புளமும் தெரியட்டும். அப்புறம் ஸ்டாண்டு நகராம ரெண்டு நிமிசம் எடு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டு. அழகான படத்தை மட்டும் மாட்டினன்னு வெச்சிக்க, கம்பெனி காலண்டருக்குக் கேப்பாங்கோ, குடுக்காத. சரி, நல்ல வெலை வந்தா என்கிட்ட ஒரு வார்த்தை கேளு.

நின்னு எடுக்கணும்னா ஜவ்வாது மலைக்குப் போ. காவலூர்ல தொலைநோக்கி வெச்சிகினு நட்சத்திரத்தோடவே கேமராவைத் திருப்பிகினு இருக்கிறவங்க இருக்காங்கோ. அப்படித் திருப்பினா நட்சத்திரம் புள்ளியா நிக்கும், நடுவுல எது ஓடுதோ அது கோடா வுழும். 1988 பிப்ரவரியில அங்க ஒரு குறுங்கோளைக் கண்டுபுடிச்சி ராமானுஜன்னு பேரு வெச்சாங்கோ. ஓடறதைப் புடிக்கிற வேலையை நீ வுடவே இல்லைன்னு அங்க போனாத்தான் உனக்குப் புரியும்.

மலையில குளிரும், கம்பளி எடுத்துகினு போ. பஸ்சுக்குக் காசு நான் தரன். பதிலுக்கு நம்ம செவலைக் காளை பாஞ்ச படத்தைப் பெருசா பிரேம் போட்டுக் குடு, கொம்பு ரெண்டும் முழுசா தெரியணும். மங்கலா குடுத்த, காசைத் திருப்பிக் கேப்பன்.