எங்கட சனம் வழக்குப் போடாது, ஓமோம்!

இரு பிள்ளை, உந்த இன்சூரன்ஸ் கடுதாசியை மடிச்சு வைக்காதை. வீட்டுக்கு இன்சூரன்ஸ், காருக்கு இன்சூரன்ஸ், கைப்போன் கண்ணாடி வெடிச்சால் அதுக்கும் மாதம் மாதம் கட்டுறாய். என்ர சீவனுக்கும் ஒண்டு எடுத்து வைச்சிருக்கிறாய். நான் இருமினால் நீ முதலிலை மருந்தைத் தேடுறியோ அந்தப் பாலிசியைத் தேடுறியோ எண்டு எனக்கு ஒரு சமுசயம். ஆனால் காலமை ஏழரைக்கு ஊரவன் பெத்த நாலு குஞ்சுகளை டேகெயர் எண்டு உன்ர ஹோலுக்குள்ளை விட்டிட்டுப் போகினம், அதுக்கு என்ன வைச்சிருக்கிறாய் எண்டு கேட்டால், “பெரியப்பா, எல்லாம் தெரிஞ்ச ஆக்கள். எங்கட சனம் வழக்குப் போடாது” எண்டுறாய்.

மெய்தான் மோளை. எங்கட சனத்துக்கு வழக்கெண்டால் என்னெண்டே தெரியாது. வேலிக் கதியாலை அரை முழம் தள்ளி நட்டிட்டான் எண்டு தேப்பன் தொடங்கினதை மகன் நடத்தி, பேரன் கனடாவிலை இருந்து காசு அனுப்பினது வேறை ஆரோ. கிணத்துப் பங்கு, வழிவாய்க்கால், எல்லைப் பனையிலை விழுந்த பனங்காய் ஆருக்கு எண்டு யாழ்ப்பாணத்திலை அப்புக்காத்துமாருக்குக் கல்வீடு கட்டிக் குடுத்ததும் வேறை ஆரோ. ஒண்டை யோசிச்சுப் பார்: அதெல்லாம் தெரிஞ்ச ஆக்களுக்குள்ளை வந்த வழக்குத்தானே? தெரியாதவனோடை ஆர் எல்லைச் சண்டை பிடிக்கப் போறான்?

இஞ்சை ஒன்ராறியோச் சட்டம் எங்கட குணத்தை அறிஞ்சு எழுதினது போலை இருக்கு. குடும்பச் சட்டத்திலை 61ஆம் பிரிவெண்டு ஒண்டு. பிறத்தியாற்றை கவனக்குறைவாலை ஒருத்தருக்குக் காயம் பட்டால், காயப்பட்டவர் மட்டுமில்லை, தாய் தேப்பன், கூடப் பிறந்ததுகள், பாட்டன் பாட்டிமார் எண்டு எல்லாரும் தங்கடை நட்டத்தை வேறையாக் கேக்கலாம். ஒரு பொடியன் உன்ர படியிலை உருண்டால் அம்மம்மா ஒரு பக்கம், அப்பம்மா ஒரு பக்கம். கலியாண வீட்டிலைகூட அதுகள் ரெண்டும் ஒரு வரிசையிலை இருக்காதுகள்; உன்ர வழக்கெண்டால் ஒற்றுமையா வருங்கள்.

அது மட்டுமே? வழக்குப் போடப் பொதுவா ரெண்டு வருசத் தவணை. பெரியாக்களுக்கு அது. சின்னப் பிள்ளைக்கு, அதுக்காக வழக்கை நடத்த ஒருத்தர் முன்வராத வரைக்கும் அந்தத் தவணை ஓடாமல் நிக்கும். அதாவது, இண்டைக்கு ரெண்டு வயசிலை விழுந்தவன் பதினெட்டு முடிஞ்சு, தாடியும் வளர்த்துக்கொண்டு வந்து கேக்கலாம். அப்ப நீ டேகெயரை மூடி, நானும் மேலை போயிருப்பன். அதாலைதான் சொல்லுறன், பாலிசி எடுக்கேக்கை புரோக்கரிட்டை ஒரு கேள்வி கேள்: சம்பவம் நடந்த அண்டைக்கு இருந்த பாலிசி காசு தருமோ, இல்லாட்டி முறைப்பாடு வாற அண்டைக்கு இருக்கிறதுதான் தருமோ? முந்தினதெண்டால் பழைய பாலிசியளை ஒண்டும் எறியாதை. உன்ர கலியாண அல்பத்தைத் தூக்கிப் போட்டிட்டு அந்த இடத்திலை வை, அதை ஆரும் பாக்கிறேல்லை.

“தாய் தேப்பனிட்டை ஒரு கையெழுத்து வாங்கினால் சரிதானே பெரியப்பா” எண்டு நேற்றுக் கேட்டாய். என்ன நடந்தாலும் நாங்கள் கேக்க மாட்டம் எண்டு ஒரு தாள். வாங்கலாம், சட்டம் போட்டுச் சுவரிலை கொழுவ வடிவா இருக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவிலை 2009இலை, சண்டைக்கலை படிக்கப் போன ஒரு பொடியன்ர வழக்கிலை, பிள்ளையின்ர உரிமையைத் தாய் கையெழுத்துப் போட்டுக் குடுக்க ஏலாதெண்டு நீதிமன்றம் சொல்லிப்போட்டுது. வேறை மாகாணம்தான். எண்டாலும் அந்தத் தாளை நம்பி நான் ஒரு பூனைக்குட்டியையும் வளர்க்க மாட்டன்.

வீட்டு இன்சூரன்ஸ் இருக்கெண்டு நெஞ்சை நிமித்தாதை. அது நீ இருந்து சீவிக்கிற வீட்டுக்கு. காசு வாங்கித் தொழில் செய்தால் அதாலை வாற பொறுப்பைப் பொதுவா விலக்கி எழுதியிருப்பினம். இன்னொண்டு, ஆபத்துக் கூடிற மாதிரி ஒரு மாற்றம் செய்து கொம்பனிக்குச் சொல்லாமல் விட்டால், டேகெயரோடை சம்பந்தமில்லாமல் குசினி எரிஞ்சாலும் “நீங்கள் சொல்லேல்லையே அம்மா” எண்டு அவை மெல்லக் கழரப் பாக்கலாம். மோர்ட்கேஜ் மட்டும் கழராது.

சரி, நாலு பிள்ளைதானே. சில கொம்பனியள் வீட்டுப் பாலிசியோடையே ஒரு சேர்க்கை எழுதித் தரும். இல்லாட்டித் தொழிலுக்கெண்டு தனிப் பொறுப்புப் பாலிசி, ஒரு மில்லியன் ரெண்டு மில்லியன் டொலருக்கு. நட்டஈட்டை விடு, உனக்காக வழக்காட லோயரைப் பிடிச்சுக் காசு கட்டுறதே பெரிய விசயம். பிழை உன்னிலை இல்லையெண்டாலும் அதை நிறுவ லோயர் வேணும், அவர் பொங்கல் வாழ்த்துக்கும் பில் அனுப்புவார்.

ஆனால் பிள்ளை, பிரீமியம் கூடவெண்டு நீ சொல்லேக்கை உன்ர கண் வேறை எங்கையோ போகுது. அந்தப் பிரீமியத்தைத் தொழில் செலவெண்டு வரியிலை கழிக்கலாம் எண்டு சொன்னன், உனக்கு முகம் இன்னும் கறுத்துப் போச்சு. இப்பதான் விளங்குது. கழிக்கிறதெண்டால் முதல் வருமானத்தைக் காட்ட வேணும். கையிலை காசு, ரசீது இல்லை, அதுதானே கணக்கு? தாய் தேப்பன் கேட்டால் ரசீது சும்மா எழுதிக் குடுக்க வேணுமெண்டு சட்டம் இருக்கு, நான் கேட்டனானோ? நான் ஒண்டும் வரிக்கந்தோர்க்காரன் இல்லை. ஊரிலை புகையிலை வித்த காசை நானும் எல்லாருக்கும் எண்ணிக் காட்டேல்லை. ஆனால் அந்தச் சாக்குக்குள்ளை ஆற்றையும் பிள்ளை இருக்கேல்லை.

பிள்ளையளின்ர கணக்கையும் ஒருக்காப் பார். லைசன்ஸ் இல்லாமல் செய்யிறாய், அது குற்றமில்லை. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பதின்மூண்டு வயசுக்குக் கீழை ஐஞ்சு பேர், அதிலை ரெண்டு வயசுக்குக் கீழை மூண்டுக்கு மேலை கூடாது, உன்ர மூண்டு வயசுக் கடைக்குட்டியும் எண்ணிக்கையிலை சேர்த்தி. லைசன்ஸ் இல்லையெண்டு தாய் தேப்பனுக்கு எழுத்திலை சொல்லவும் வேணும். ஆக நாலும் ஒண்டும் ஐஞ்சு, வாசல் நிரம்பிப் போச்சு. மச்சாளின்ர பேத்தியை “ரெண்டு மணித்தியாலம்தானே” எண்டு ஏத்தினாயெண்டால் ஆறு. தண்டனை கால் மில்லியன் டொலர் வரைக்கும் போகும். அண்டைக்கெண்டு ஒண்டு நடந்தால் கொம்பனிக்கும் கையை விரிக்க உன்ர மச்சாளே சாக்கு.

பாலிசி வந்தாப் பிறகு முன்பக்கத்து வாழ்த்தை வாசிக்காதை, விலக்குகளை வாசி. உன்ர சொந்தப் பிள்ளை விழுந்தால் அதுக்குப் பொறுப்புப் பாலிசி இல்லை. பள்ளிக்கூடத்திலையிருந்து காரிலை ஏத்தி வாறாயெண்டால் அது கார்க் கொம்பனியோடை கதைக்க வேண்டிய வேறை கதை. பிள்ளையளுக்குத் துன்புறுத்தல் நடந்ததெண்டு ஆரும் பழி சொன்னால் கனபேர் அதை விலக்கியே எழுதுவினம்; கேட்டு வாங்கு, அப்பிடிப் பழி வந்தால் லோயர்தான் முதல் வேணும். பாலிசி இருந்தாலும் வீட்டிலை கவனம் வேணும்: அடுப்படியிலை எனக்கு வைக்கிற தேத்தண்ணியைப் பிள்ளையளுக்கு எட்டாத இடத்திலை வை. ஒரு பிள்ளைக்கு எள் ஒத்துக்கொள்ளாதெண்டு தாய் சொன்னவ, நீ ஓமெண்டு தலையாட்டிப்போட்டு எள்ளுருண்டைப் பேணியைத் திறந்து வைச்சிருக்கிறாய். பாலிசி மூச்சைத் திருப்பித் தராது மோளை.

திங்கக்கிழமை புரோக்கரிட்டைப் போகேக்கை நாயையும், நீ குறைஞ்ச விலைக்கு வாங்கின அந்தத் துள்ளுற வலையையும் மறைக்காமல் சொல்லு. வீட்டிலை வேறை ஆர் இருக்கினம் எண்டு கேப்பான். “பேஸ்மென்ட்டிலை ஒரு கிழவன், வேலை ஒண்டுமில்லை” எண்டு எழுதிப்போடாதை. நீ நோ பிரில்ஸ் கடைக்கு ஓடுற நேரமெல்லாம் அந்த நாலையும் மேய்க்கிறது ஆர்? என்னையும் உதவியாள் எண்டு போடச் சொல்லு, வயசைக் குறைக்காமல். பேப்பரிலை பேர் ஏறினாப் பிறகு சம்பளத்தைப் பற்றிக் கதைப்பம்.