பவுசு பழகலாம் வாங்க

சாத்தூரில் காசு சம்பாதிக்கச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. தீப்பெட்டி, பட்டாசு, சேவுக்கடை, வத்தல் கமிஷன் என்று எதைக் கேட்டாலும் ஒரு அண்ணாச்சி உட்காரவைத்து விளக்குவார். சம்பாதித்த பிறகு அடுத்தவரை எப்படி மட்டமாகப் பார்ப்பது என்பதற்குத்தான் வாத்தியார் கிடையாது. பாவம், அவரவரே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கையேடு. காசே இல்லாதவர்களும் பழகலாம். அவர்கள் நேரே ஐந்தாம் பாடத்துக்குப் போகவும்.

பாடம் 1: பணம் வந்த வழியை மறந்துவிடுங்கள்

1922ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய், தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். இந்த வட்டாரத்துப் பணத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி. தீப்பெட்டி விலை 2007ல் ஒரு ரூபாய் ஆனது. இரண்டு ரூபாய் ஆவதற்கு 2021 டிசம்பர் வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. இப்படிச் சில்லறையாகச் சேர்ந்த பணம் என்று வெளியே தெரிந்தால் பவுசு எப்படி நிற்கும்? அதனால் யார் கேட்டாலும் "பிசினஸ்" என்று சொல்லுங்கள். என்ன பிசினஸ் என்று தோண்டினால் "மேனுஃபேக்சரிங்". அதற்கு மேலும் தோண்டுகிறவரோடு பழக்கம் வேண்டாம். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டின கதையைப் பிள்ளைகள் காதில் போடவே போடாதீர்கள். அதுகள் போய்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவைக்கும்.

பாடம் 2: உள்ளூர்ச் சரக்கைச் சபையில் தொடாதீர்கள்

சாத்தூர்க் காராச்சேவு எப்படி வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். கடலை மாவும் அரிசி மாவும் வத்தலும் பூண்டும் சேர்த்துப் பிசைந்த உருண்டையைக் கண் கரண்டியில் வைத்து, கொதிக்கிற எண்ணெய்க்கு நேர் மேலே உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பார் மாஸ்டர். எண்ணெய் நுரைத்து அடங்கும் சத்தத்தை வைத்தே பதம் சொல்லிவிடுவார். ஒரு நொடி பிந்தினால் சேவு கறுத்துப்போகும். இத்தனை வித்தை தெரிந்த ஒருவர் இந்த ஊரில் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவே கூடாது. தட்டு நீட்டப்பட்டால், "நாங்க ஆயில் ஐட்டமே எடுக்கிறதில்ல" என்று லேசாக முகம் சுளிக்கவும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டிரைவரை அனுப்பி அரைக்கிலோ வாங்கிக்கொள்ளலாம். பொட்டலத்தை "டிரைவர் வீட்டுக்கு" என்று கட்டச் சொல்வது நல்லது.

பேனா நிப்புக்கு ஒரு காலத்தில் பேர்போன ஊர் இது. எனவே நீங்கள் கையெழுத்துப் போடுகிற பேனா ஜெர்மனியில் செய்ததாக இருக்க வேண்டும். தீப்பெட்டி விஷயத்திலும் அப்படியே: சாமி விளக்கு ஏற்றக்கூட லைட்டர்தான். 2023 ஜூனில் இருபது ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. நம் தீப்பெட்டித் தொழிலைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு. மலிவு லைட்டருக்குத் தடை வந்ததால், விலை கூடிய லைட்டருக்கு இப்போது இன்னும் கொஞ்சம் மதிப்பு.

பாடம் 3: பத்திரிகை இரண்டு தரம் அடியுங்கள்

சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது. வேண்டிய கனத்தில், வேண்டிய மினுமினுப்பில் கல்யாணப் பத்திரிகை அடித்துத் தருவார்கள். விவரம் தெரிந்தவர்கள் இரண்டு தரமாக அடிப்பார்கள். முதல் தரம் பெட்டி மாதிரி திறக்கும், உள்ளே முந்திரியும் பாதாமும் இருக்கும். இதைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துப் புருஷனும் பெண்டாட்டியுமாக நேரில் போய்க் கொடுக்க வேண்டும். இரண்டாம் தரம் ஒற்றை அட்டை. அதைக் கடைப் பையன் கொண்டுபோய்க் கதவிடுக்கில் செருகிவிட்டு வருவான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு தரமும் ஒரே தெருவுக்குள் நுழையக் கூடாது. நுழைந்தால் எதிர்வீட்டு அக்கா பந்தியில் வைத்து, "எங்களுக்கு வந்ததுல பிள்ளையார் கொஞ்சம் மெலிஞ்சிருந்தாரு" என்று சிரிக்காமல் சொல்வார். அதற்குப் பதில் எந்தக் கையேட்டிலும் இல்லை.

பாடம் 4: தள்ளி நில்லுங்கள்

எட்டூர்வட்டம் சுங்கச்சாவடியில் வண்டி நின்றால் கண்ணாடியை இறக்கி, "நான் யாருன்னு தெரியுமா?" என்று கேட்பது மரபு. உள்ளே உட்கார்ந்திருக்கிற பையன் வெளியூராக இருந்தால் தெரியாது என்று உண்மையைச் சொல்லிவிடுவான், ஜாக்கிரதை. இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெறுங்காலோடு பாதயாத்திரை வருகிறவர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பார்கள். நீங்கள் தெரிந்தவரைப் பிடித்துப் பக்கவாட்டில் நுழையுங்கள். அம்மனுக்கு நேரமில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள், குற்ற உணர்ச்சி வராது.

கார் சர்வீசுக்குப் போன அன்று சிவகாசிப் பஸ்ஸில் ஏற நேரலாம். சாயங்காலமானால் பட்டாசு ஆலை வேலை முடிந்து வருகிற பெண் ஒருத்தி பக்கத்தில் உட்காருவாள். விரல் ரேகைக்குள் அலுமினியப் பவுடர் சாம்பல் நிறத்தில் மினுங்கும். சோப்புப் போட்டாலும் லேசில் போகிற நிறமில்லை அது. கம்பியைப் பிடித்த கையைத் தன் முந்தானையில் ஒருமுறை துடைத்துவிட்டு, உங்கள் வெள்ளைச் சட்டையில் படாதபடி அவளே ஒடுங்கிக்கொள்வாள். நீங்களும் சட்டையைச் சேர்த்து இழுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பவுடர்தான் நீங்கள் சர்வீசுக்கு விட்ட காராக மாறியது என்ற நினைப்பு வந்தால் முதல் பாடத்தை மறுபடி படிக்கவும்.

பாடம் 5: காசில்லாத பவுசு

பணக்காரருக்குத்தான் மிதப்பு வரும் என்பது தப்பான நம்பிக்கை. தாத்தா காலத்தில் வண்டி மாடு இருந்தது, மகன் அமெரிக்காவில் இருக்கிறான், எங்கள் வீட்டில் இங்கிலீஷ் பேப்பர்தான் வாங்குவோம்: எதை வைத்தும் கடை விரிக்கலாம். பணத்தைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். நமக்குக் கீழே என்று நாமே முடிவுகட்டிய ஓர் ஆள்தான் அவசியம் வேண்டும்.

இந்த வகையினர் சொல்வதற்கென்றே ஒரு பழமொழி உண்டு: அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான். புதுப்பணக்காரரைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் இதைச் சொன்னவர் பட்டப்பகலில் தாராளமாகக் குடை பிடித்துக்கொண்டிருந்தவராகத்தான் இருக்க வேண்டும். தென் திருவிதாங்கூரில் நாடார்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, தங்கம் அணியக் கூடாது என்றெல்லாம் ஒருகாலத்தில் தடை இருந்தது. குடையே கூடாது என்று தடுக்கப்பட்டவன் கையில் முதல்முதலாக ஒரு குடை வந்தால், அவன் வானத்தைப் பார்த்துவிட்டா விரிப்பான்?

தார்ஸ்டீன் வெப்லன் என்ற அமெரிக்கர் 1899ல் ஒரு புத்தகம் எழுதினார். செல்வம் கையில் இருந்தால் போதாது, அதைக் காட்டினால்தான் மதிப்புக் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. அதே 1899ல் சிவகாசியில், கையில் காசு இருந்தும் கோயிலுக்குள் விடமாட்டோம் என்று சொல்லப்பட்ட நாடார்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே பெரிய கலவரம் நடந்தது. கமுதிக் கோயிலுக்குள் நுழையும் உரிமை பற்றிய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908ல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. காட்டினாலும் கிடைக்காத மதிப்பு ஒன்று உண்டென்று வெப்லனுக்கு இந்த ஊர்க்காரர் யாராவது ஒரு தபால் போட்டிருக்கலாம்.

வெளியே நிறுத்தப்பட்டவர் கையில் காசு வந்தால் இரண்டு வேலை செய்யலாம். நீங்கள் செய்ய வேண்டியது சுலபமானது: ஆளுயர இரும்புக் கேட் ஒன்று வாங்கி மாட்டுங்கள். அடுத்த ஆளை வெளியே நிறுத்துங்கள். அவர் நின்றால்தான் நீங்கள் உள்ளே இருப்பது உறுதியாகும்.

பாடம் 6: தவிர்க்க வேண்டிய முன்னுதாரணங்கள்

இன்னொரு வேலையையும் இந்தப் பக்கத்தில் சிலர் செய்து தொலைத்திருக்கிறார்கள். விருதுபட்டி, அதாவது இன்றைய விருதுநகர் வியாபாரிகள் விற்கிற சரக்கில் ஒரு சிறு பங்கை மகமை என்று பொதுவுக்கு ஒதுக்கினார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்தார்கள். 1889ல் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளி எழுந்தது. தங்களைக் கோயிலுக்குள் விடாத வட்டாரத்தில், மற்ற சாதிப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்து வைத்தார்கள். பிடியரிசி போட்டவர் பெயரை எந்தக் கல்வெட்டில் வெட்ட முடியும்? பவுசுக்குத் துளியும் உதவாத செலவு.

அந்தப் பள்ளியில் படித்த ஒருவர் இன்னும் மோசம். 1957லும் 1962லும் சாத்தூர்த் தொகுதி அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது. முதலமைச்சரின் தாயார் வீடு என்பதற்காக விருதுநகர் வீட்டுக்குத் தனியாகப் போட்ட தண்ணீர்க் குழாயைப் பிடுங்கச் சொன்னார் என்பது ஊரறிந்த கதை. காமராஜர் பாதையில் போனால் இந்தக் கையேடு வீண். ஆனாலும் அவரை விட்டுவிட வேண்டாம். ஜூலை 15 அன்று நாற்பதடி ஃப்ளெக்ஸ் வையுங்கள். மூலையில் தலைவர், நடுவில் நீங்கள், கீழே "எளிமையின் வழியில்".

தேர்வு

மூன்று கேள்விகள்.

ஒன்று: "சாப்பிட்டீங்களா?" என்று கடைசியாக யாரைக் கேட்டீர்கள்? பதில் வரும்வரை நின்றிருந்தால் மார்க் கிடையாது.

இரண்டு: காரையும் வாட்ச்சையும் வீட்டில் வைத்துவிட்டு மெயின் ரோட்டில் நடந்தால் யாராவது "வாங்க அண்ணாச்சி" என்பார்களா? ஒருவர் சொன்னாலும் பாதி மார்க் போச்சு. அது காசு வருவதற்கு முன்பே உங்களுக்கு இருந்த மரியாதை.

மூன்று: உங்கள் கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் பெயர் என்ன? தெரிந்தால் பெயில். அவர் எந்த ஊர், பிள்ளை என்ன படிக்கிறது என்பதும் தெரிந்தால் மறுதேர்வுக்கு எழுதிப் போட்டுப் பணத்தை வீணாக்க வேண்டாம். இந்த வித்தை உங்களுக்கு வராது.