ஜன்னலை மாத்திடலாம் சார்!

பழைய வீட்டு ஜன்னலை மாற்றுவதென்று முடிவெடுத்துவிட்டீர்களா? முதல் வேலையாக, அந்த ஜன்னலைப் பார்ப்பதை நிறுத்துங்கள். பார்த்தால் காரியம் கெட்டுவிடும். மஞ்சக்குப்பத்திலோ, கடலூர் ஓ.டி.யிலோ, சிதம்பரத்தில் தேரோடும் வீதிகளிலோ உங்கள் தாத்தா கட்டிய வீடு என்றால், ஜன்னலில் பெரும்பாலும் பெரிய கோளாறு எதுவும் இருக்காது. கீழ்ச்சட்டம் மழையில் ஊறி உளுத்திருக்கும். கீல் துருப்பிடித்துக் கதவு ஒரு பக்கமாகத் தொங்கும். ஐப்பசியில் மரம் உப்பிக்கொண்டு சாத்த வராது. சித்திரையில் சுருங்கி லொடலொடவென்று ஆடும். கிட்டப் போய்ப் பார்த்தால், ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டால் போதுமே என்ற கெட்ட எண்ணம் வந்துவிடும். ஆகவே எதிர்வீட்டு ஜன்னலைப் பாருங்கள். வெள்ளைவெளேரென்று யு.பி.வி.சி., கறுப்புக் கண்ணாடி, ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. காரணம் கிடைத்துவிட்டதல்லவா?

பழைய ஜன்னல் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கவும் யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள். வீட்டில் பாட்டி இருந்தால் நிச்சயம் ஆரம்பிப்பார். அது நாலு கதவு ஜன்னல். மேலே இரண்டு, கீழே இரண்டு. பகலில் கீழ்க்கதவைச் சாத்தி மேல்கதவைத் திறந்து வைத்தால், தெருவில் போகிறவர் கண்ணுக்கு உள்ளே இருக்கும் ஆள் தெரியாது, காற்றுக்கும் தடையில்லை. ராத்திரி பாய் விரித்துப் படுக்கிறவர்கள் கீழ்க்கதவைத் திறந்துகொள்வார்கள். கதவு முழுசாக மடங்கித் திறப்பதால் ஜன்னல் எவ்வளவு அகலமோ அவ்வளவு காற்று. ஒன்றரை அடிச் சுவருக்குள் தள்ளி உட்கார்ந்திருப்பதால் உச்சி வெயில் நேரே விழாது. மத்தியானத்துக்கு மேல் தேவனாம்பட்டினம் பக்கமிருந்து கடல்காற்று கிளம்பும்போது கிழக்கு ஜன்னலையும் முற்றத்துக் கதவையும் திறந்துவிட்டால் கத்திரியிலும் ஒரு தூக்கம் போடலாம். இதையெல்லாம் உட்கார்ந்து கேட்டால் ஜன்னல் எப்போது மாறுவது? "காலம் மாறிப்போச்சு பாட்டி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னல் எப்போதும் பாதிதான் திறக்கும், மற்ற பாதியை அந்தக் கண்ணாடியே மறைத்துக்கொண்டு நிற்கும் என்ற கணக்கை இப்போது போட வேண்டாம். ஏ.சி. வாங்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். யு.பி.வி.சி. மட்டமான சரக்கு இல்லை. 1950களில் ஜெர்மனியில் வந்தது; குளிர்காலத்தில் அறைச் சூடு வெளியே ஓடாமல் காக்கும். கறையான் தொடாது, துரு ஏறாது. ஒழுங்காகச் செய்து ஒழுங்காகப் பொருத்தினால் உப்புக்காற்றில் இரும்பைவிட அதிக காலம் நிற்கும். ஏ.சி. அறைக்கு அதுதான் சரி. இந்தக் கையேட்டின் அக்கறையெல்லாம் அதைப் பொருத்த வருகிறவர் மேல்தான்.

காண்ட்ராக்டரை எங்கே பிடிப்பது? கல்யாணப் பந்தியில் உங்களுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவரின் மச்சான் ஜன்னல் வேலைதான் செய்வார். அவரே போதும். அவர் முன்பு செய்த வீட்டைக் காட்டச் சொல்லாதீர்கள். அதிலும், ஒரு வடகிழக்குப் பருவமழையைத் தாண்டிய ஜன்னலாகக் காட்டுங்கள் என்று கேட்டால் மனுஷர் மனசு நொந்துபோவார். மூன்று பேரிடம் எஸ்டிமேட் வாங்குவதெல்லாம் ஆகாதவர்கள் செய்கிற வேலை. உங்கள் மாப்பிள்ளை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சிவில் படித்தவராக இருந்தால் (சிதம்பரத்தில் மாப்பிள்ளை என்றாலே கிட்டத்தட்ட அப்படித்தான்) பேச்சுவார்த்தை நடக்கும் நாளில் அவரை வேறெங்காவது அனுப்பிவிடுங்கள்.

எஸ்டிமேட் என்பது சிதம்பர ரகசியம். திரையை விலக்கினால் வெட்டவெளி தெரியும். தங்க வில்வ மாலை மட்டும் இருக்காது. சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே ஒரு எண் எழுதியிருக்கும். அதற்கு மேல் கிளறினால் இப்படித்தான் போகும்:

"பழசைப் பேத்து எடுக்கறது இதுல சேர்ந்ததா?"

"அது தனி சார்."

"சுத்திப் பூசறது?"

"கொத்தனார் வேலை சார் அது, நம்முது இல்ல."

"கொசுவலை?"

"போட்டுக்கலாம் சார்."

"கிரில்?"

"அது நீங்க வாங்கிக் குடுத்துடுங்க."

கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர், குளியலறையின் சின்ன வென்டிலேட்டருக்கும் மினிமம் இவ்வளவு சதுர அடி என்று கணக்குப் போடுவீர்களா என்றெல்லாம் கேட்கலாம்தான். அதற்குள் அவருக்கு ஒரு போன் வந்துவிடும். திரும்பி வந்து, "பில் போடணுமா சார், இல்ல பில் இல்லாம பண்ணிக்கலாமா?" என்பார். பில் இல்லாமல் என்று சொன்ன கணத்தில் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும். அதை அனுபவியுங்கள்.

சரக்கைப் பற்றியும் தோண்டித் துருவ வேண்டாம். கடலூரில் சிங்காரத்தோப்பு, தேவனாம்பட்டினம் பக்கத்து வீடுகளில் சைக்கிள் ரிம்முக்கு என்ன கதி நேர்கிறதென்று உங்களுக்கே தெரியும். கீலும் திருகாணியும் 304 ஸ்டீலா, உப்புக்குத் தாங்கும் 316ஆ என்று கேட்டால் அவர் உங்களைச் சந்தேகமாகப் பார்ப்பார். யு.பி.வி.சி. சட்டத்தின் வயிற்றுக்குள் ஜி.ஐ. இரும்புப் பட்டை வைத்து வலுவூட்ட வேண்டும். மூடிவிட்டால் வைத்தாரா இல்லையா என்று வெளியே தெரியாது. பிள்ளைகளின் விளையாட்டுக் காந்தத்தைச் சட்டத்தின்மேல் ஓட்டிப் பார்த்தால் உள்ளே இரும்பு இருந்தால் கவ்விப் பிடிக்கும். இவ்வளவு சுலபமான சோதனை என்பதால்தான் யாரும் செய்வதில்லை. நீங்களும் செய்யாதீர்கள்.

இனி அளவெடுப்பு. பழைய வீட்டுச் சுவரில் ஒரு திறப்பும் மூலைமட்டத்துக்கு நிற்காது. மேலே அகலம், கீழே குறுகல், குறுக்கே சாய்வு. அகலத்தை மூன்று இடத்திலும் உயரத்தை மூன்று இடத்திலும் அளந்து, இருப்பதிலேயே சின்ன அளவை எடுத்து, மூலைக்கு மூலையும் டேப் பிடித்துச் சரிபார்ப்பதுதான் முறை. உங்கள் ஆள் ஹாலில் இருக்கும் ஒரே ஒரு ஜன்னலை அளந்துவிட்டு மற்ற ஏழுக்கும் 'சேம்' என்று எழுதுவார். தடுக்காதீர்கள், இதன் பலன் பின்னால் வரும். டஃபன்ட் கண்ணாடியைச் சூடேற்றிப் பதப்படுத்திய பிறகு ஒரு நூல்கூட வெட்ட முடியாது. வெட்டப் போனால் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். ஆகவே அளவு தப்பினால் கண்ணாடியை வெட்டுவதில்லை. உங்கள் சுவரை வெட்டுகிறார்கள்.

எப்போது ஆரம்பிப்பது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். பஞ்சாங்கம் அவர் பக்கம் இருக்கிறது. ஆனியில் அட்வான்ஸ் வாங்குவார். சிதம்பரத்தில் வீடென்றால் ஆனித் திருமஞ்சனம் முடியட்டும் என்பார். தேர் பார்க்க உறவெல்லாம் வந்து ஜன்னலோரம் உட்காருமே, சரிதான். ஆடியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது. ஆவணியில் அவருக்கே வரிசையாக முகூர்த்தம். புரட்டாசியில் ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பவில்லை. பிறகு ஒருநாள் காலை, "தீபாவளிக்கு முன்னால முடிச்சுக் குடுத்துடறேன் சார்" என்று கடப்பாரையோடு வந்து எட்டு ஜன்னலையும் ஒரே நாளில் பேர்த்துவிடுவார். அன்று சாயங்காலம் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொள்ளும். எட்டு ஓட்டைக்கும் நீலத் தார்ப்பாய். புது ஜன்னல் எங்கே என்று கேட்டால், "பாண்டியில ஏத்தியாச்சு சார், வண்டி ஆல்பேட்டை செக்போஸ்ட்டுல நிக்குது" என்பார். பாண்டியிலிருந்து வருகிற வண்டியைப் போலீஸ் எதற்காகச் சோதிக்கிறது என்று ஊருக்கே தெரியும். ஜன்னலைக் குடித்து யாரும் மயங்கியதில்லை என்பதும் தெரியும். ஆனாலும் அந்த வண்டி கார்த்திகை வரை அங்கேதான் நிற்கும்.

பேர்க்கும்போது நீங்கள் பக்கத்தில் இல்லாமலிருப்பது உடம்புக்கு நல்லது. பழைய வீட்டில் ஜன்னலுக்கு மேலே கான்கிரீட் லிண்டல் கிடையாது. செங்கல் வளைவு இருக்கும், இல்லையென்றால் சுவருக்குள் புதைத்த மரக்கட்டை. மேற்சுவரின் பாரம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். கட்டையும் சட்டமும் ஒன்றென நினைத்து இழுத்தால், பரணிலிருந்து பாட்டியின் பித்தளை அண்டா வரை கீழே வரும். சுவரோ சுண்ணாம்புக் காரை. ஈரத்தை உள்ளே வாங்கி மெதுவாக வெளியே விடுகிற சுவர். அதில் புது ஜன்னலைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சிமெண்டைப் போட்டு அப்பிவிட்டால், ஓதம் போக வழியில்லாமல் பக்கத்துக் காரையில் ஏறி உப்புப் பூத்து உதிரும். அடுத்த வருஷம் அதற்கு ஒரு தனிக் காண்ட்ராக்டர் பிடிக்கலாம்.

பிடுங்கிப் போட்ட பழைய ஜன்னல்கள் திண்ணையில் சாய்ந்து கிடக்கும். இந்தக் கட்டத்தில் காண்ட்ராக்டரின் முகத்தில் முதல்முறையாகக் கருணை தெரியும். "இந்தக் குப்பையை நானே அள்ளிக்கிட்டுப் போயிடறேன் சார், அதுக்கு உங்ககிட்ட ஒண்ணும் வாங்கல" என்பார். நன்றி சொல்லுங்கள். பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் நகத்தால் சுரண்டிப் பார்க்காதீர்கள். பொன்னிறத்தில் எண்ணெய்ப் பசையோடு நெருக்கமான ரேகை தெரிந்துவிடும். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிக்கும்வரை கப்பலில் வந்து இறங்கிய தேக்காக இருக்கலாம். உள்ளூர்ச் சரக்கு என்றால் பண்ருட்டிப் பக்கத்துப் பலா. இரண்டுமே இன்றைக்குக் கடையில் போய்க் கேட்டால் விலை சொல்வதற்கு முன்னால் உங்கள் சட்டையைப் பார்ப்பார்கள். உங்கள் குப்பை டாட்டா ஏஸில் ஏறி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போகலாம். அவ்வளவு தூரம் கூட வேண்டாம், கடலூரிலிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டரில் பாண்டி இருக்கிறது. அங்கே பிரெஞ்சுத் தெருவில் ஒரு காபிக் கடைச் சுவரில் கண்ணாடி பதித்து மாட்டியிருப்பார்கள். பழைய வீடுகளைக் காப்பாற்ற இன்டாக் அமைப்பு அந்த ஊரில் வருஷக்கணக்காகப் பாடுபடுகிறது. நம் பக்கத்து ஜன்னல்களும் போய்ச் சேர்ந்து தங்களால் ஆனதைச் செய்கின்றன.

புது ஜன்னல் வந்து பொருத்தியாயிற்று. இப்போது கீழ்த் தண்டவாளத்தின் வெளிப்புறத்தில் சின்னச் சின்னத் துளைகளாகத் தெரியும். மழைத்தண்ணீர் தண்டவாளத்துக்குள் இறங்கினால் வெளியே வடிய வைத்தவை அவை. கொத்தனார் அவற்றைக் கம்பெனிக்காரன் விட்ட பிழை என்று நினைத்து, வெள்ளைச் சிமெண்ட்டால் அழகாக அடைத்துக் கொடுப்பார். அடிக்கட்டையின் சரிவையும் வெளிப்பக்கம் விடாமல் உள்பக்கமாக விட்டிருப்பார். இங்கே மழை செங்குத்தாகப் பெய்வதில்லை என்பது கடலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியலில் தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே கரையேறியபோது காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசியது. 2020இல் நிவர், 2024இல் ஃபெஞ்சல் இரண்டும் பாண்டியை ஒட்டித்தான் ஏறின. அந்த மாதிரி ராத்திரியில் தண்டவாளம் நிரம்பி ஹாலுக்குள் வழியும். பழந்துணி, வாளி, முறம் எல்லாம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். போன் செய்தால், "புயல்ல தண்ணி வர்றது இயற்கை சார்" என்ற பதில் கிடைக்கும்.

வாரண்டி உண்டா? பத்து வருஷம் என்று வாயால் சொன்னார். கடலூரில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் வருஷச் சட்டத்தின்படி, 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம்கூடக் கிடையாது. போகலாம். போனால் பில், ஒப்பந்தம், பணம் கொடுத்த ரசீது ஏதாவது ஒரு தாள் கேட்பார்கள். உங்களிடம் இருப்பது சிகரெட் அட்டை. அதையும் வீட்டில் கூட்டிப் பெருக்கித் தள்ளியிருப்பார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் அடம் பிடித்து, ஆசாரியைத்தான் கூப்பிடுவேன் என்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக இரண்டு வரி: உளுத்த கீழ்ச்சட்டத்தை மட்டும் அறுத்தெடுத்துப் புது மரம் ஒட்டுப்போடுவார், கீலை மாற்றுவார், கதவின் விளிம்பை இழைப்புளியால் ஒரு இழை இழைத்துவிடுவார், கம்பிக்கு ரெட் ஆக்சைடு, மரத்துக்கு எண்ணெய். மார்ச், ஏப்ரலில் மரம் காய்ந்திருக்கும்போது செய்ய வேண்டும். இதில் என்ன சுவாரசியம்? எதிர்வீட்டுக்காரர் வந்து பார்க்கக்கூட மாட்டார்.

மற்ற எல்லோரும் ஆசாரியைக் கடைசியில் கூப்பிடலாம். புது ஸ்லைடிங் கதவு தண்டவாளத்தை விட்டு இறங்கி, காண்ட்ராக்டரின் போன் ஸ்விட்ச் ஆஃப் ஆன பிறகு. ஆசாரி வருவார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பழைய ஜன்னல் எங்கம்மா?" என்று கேட்பார். பாண்டியில் என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். போய்ப் பார்த்துவரவும் தடையில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், கூட்டத்தில் மேஜை கிடைக்காது.