துண்டுக்கடியில ஒரு தீவு

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. சித்தூர்லருந்து கரீபியன் கடலுக்குப் போயி, பொனேர்னு ஏதோ தீவுல தண்ணிக்கடியில மீன் பாக்கப்போறியாமே. உங்கப்பன் வந்து மூக்கைச் சிந்திட்டுப் போனான். எனக்குச் சிரிப்புதான் வந்துது. நம்ம கெணத்துல தண்ணி இருந்த காலத்துல எறங்குடான்னா, ராட்டினக் கயித்தைப் புடிச்சுக்கிட்டு ஊரைக் கூட்டினவன் நீ.

போகாதேன்னு சொல்ல மாட்டேன். நாப்பது வருஷம் மாட்டுத் தரகு பாத்தவன், வாங்க வந்தவனைத் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லை. சந்தையில கை மேல துண்டைப் போட்டு மூடி, விரலைப் புடிச்சு வெலை பேசுவோமே, அந்த வித்தையை விமானக்காரன் எங்ககிட்டதான் கத்துக்கிட்டிருக்கணும். போன்ல தெரியிறது ஒரு வெலை. துண்டுக்கடியில இருக்கிறது வேற.

நேத்து ஒரு மலிவு டிக்கெட்டைக் காட்டிக் குதிச்சியே, அதைப் பல்லைப் புடிச்சுப் பாத்தியா? ரேணிகுண்டாவுல ஏறி ஹைதராபாத். அங்க வேற கம்பெனி, வேற டிக்கெட், ஆம்ஸ்டர்டாம். அங்கருந்து இன்னொருத்தன் கையில பொனேர். ஆக மூணு மாடு, மூணு தரகன். முதல் விமானம் ரெண்டு மணி நேரம் லேட்டானா, ரெண்டாவது கம்பெனிக்காரன் "பயணி வரலை"ன்னு எழுதிட்டுக் கிளம்பிடுவான். காசும் போச்சு, மீனும் போச்சு. அதே பயணம் ஒரே பி.என்.ஆர்ல இருந்தா, உன்னை அடுத்த விமானத்துல ஏத்தி விடுறது அவன் பாடு. பெட்டியும் அது பாட்டுக்குக் கடைசி ஊர்ல வந்து எறங்கும். தனித்தனி டிக்கெட்டுன்னா ஆம்ஸ்டர்டாம்ல வெளிய வந்து பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டி வரும். வெளிய வரணும்னா ஷெங்கன் விசா வேணும். மியாமி வழியா மலிவுன்னு இன்னொரு ஆசை வெச்சிருந்தியே, அங்க விமானம் மாத்திக்கிறதுக்கே அமெரிக்க விசா இல்லாம விட மாட்டான். மாட்டை வாங்கிட்டு மூக்கணாங்கயித்துக்குத் தனியா அழுத கதைதான்.

அப்புறம் அந்த ரேணிகுண்டா விமான நிலையம். பேருல சர்வதேசம் இருக்குது, ஒத்துக்கிறேன். நீ ஏறப்போறது என்னமோ ஹைதராபாத் விமானம். அதுக்கு வடகிழக்கால அவ்வளவு தூரம் போயி, அப்புறம் வடக்கால பறந்து, அப்புறம் மேற்கால திரும்புவியா? பஸ் ஏறு. பலமநேர், முல்பாகல், கோலார், ஹொஸ்கோட்டே. பெங்களூரு விமான நிலையம் தேவனஹள்ளியில, ஊருக்கு இந்தப் பக்கமே கெடக்குது. டிராபிக்ல மாட்டாமலே போயிடலாம். அங்கருந்து கே.எல்.எம் நேரா ஆம்ஸ்டர்டாம் போறான், பொனேருக்கும் அவனே பறக்கிறான். முழுசும் ஒரே டிக்கெட்டா கேளு. ரெண்டு காசு கூடத்தான் கேப்பான், குடு.

செவ்வாய்க்கிழமை நடுராத்திரி புக் பண்ணா மலிவுன்னு எவனோ சொன்னானாமே. செவ்வாய்க்கிழமை நாங்க கன்னுக்குட்டிகூட வாங்க மாட்டோம்டா. என்னிக்கு வாங்கிறேங்கிறதை விட என்னிக்குப் பறக்கிறேங்கிறதுலதான் வெலை ஏறி எறங்குது. டிசம்பர் நடுவுலருந்து ஏப்ரல் வரைக்கும் குளிருக்குப் பயந்த வெள்ளைக்காரன் எல்லாம் அங்கதான் கெடப்பான், டிக்கெட் எரியும். ஜூன்லருந்து நவம்பர் வரைக்கும் அந்தக் கடல்ல புயல் காலம், அதனால வெலை எறங்கும். ஆனா பொனேர் தெக்கால ஒதுங்கின தீவு, பெரும்பாலும் புயல் அதை எட்டிப் பாக்கிறதில்லை. மத்தவன் பயப்படுற மாசத்துல நீ போ. திருமலையில முந்நூறு ரூவா தரிசன டிக்கெட்டுக்கு மூணு மாசம் முன்னாடியே போனைக் கையில வெச்சுக்கிட்டுத் தவம் கெடக்கிற ஜாதிடா நாம. இதுக்கு மட்டும் கடைசி வாரம் பாத்துக்கலாமா?

நம்ம தேசத்து ஜனம் அந்தப் பக்கம் போனது புதுசுன்னு நெனைக்காதே. 1853லயே பாண்டிச்சேரிப் பக்கத்துலருந்து கப்பல் மார்ட்டினீக் தீவுக்குப் போயி ஆளை எறக்கினது. கரும்பு வெட்ட. மாசக்கணக்குல கடல்ல, அஞ்சு வருஷ ஒப்பந்தம். அவங்க பேரன் பேத்திங்க இன்னிக்கும் அங்க ஆட்டை வெட்டி மாரியம்மனுக்குப் பூசை போடுறாங்க, நம்ம திருப்பதி கங்கம்மா ஜாத்திரை மாதிரி. அவங்களுக்கு மட்டும் கனெக்‌ஷன் தொல்லை இல்லை. திரும்பி வராமலே போனவங்களும் நெறைய.

சரி, திரும்பி வர்றதைச் சொல்றேன், இதைக் காதுல வாங்கு. டிக்கெட்காரன் இதைச் சொல்ல மாட்டான். ஆழத்துல மூச்சு விடுறப்போ காத்துல இருக்கிற நைட்ரஜன் ஒடம்புல ஊறிப் போயிடும். மேல வந்த உடனே விமானம் ஏறினா, கோலி சோடாவைத் தட்டின மாதிரி ரத்தத்துல குமிழ் கிளம்பும். மூட்டு வலி, மயக்கம், கை கால் வெளங்காமப் போற வரைக்கும். விமானத்துக்குள்ள இருக்கிற காத்து 2,400 மீட்டர் வரைக்கும் உசரமான மலைக் காத்துக்குச் சமம். திருமலை 850 மீட்டர். கிட்டத்தட்ட மூணு திருமலையை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி உச்சியில உன்னை உக்கார வெக்கிறான். ஒரே ஒரு தடவை முழுகினாலே 12 மணி நேரம், நாலு நாளா முழுகிக்கிட்டிருந்தா குறைஞ்சது 18 மணி நேரம் தரையில கெடக்கணும். நீ முழுசா ஒரு நாள் கெட. "காலையில கடைசி முழுக்கு, சாயந்திரம் விமானம், ஒரு ராத்திரி வாடகை மிச்சம்"னு கணக்குப் போட்டு வெச்சிருக்கியே, அந்தத் தாளைக் குடு, பொகையிலை மடிக்க ஆகும்.

ஒண்ணு கேக்கிறேன், கோவிச்சுக்காதே. மீனுக்கு பாஸ்போர்ட் உண்டா? சென்னையிலருந்து ரெண்டேகால் மணி நேரத்துல அந்தமான். போர்ட் பிளேர்னு கேளு, 2024லருந்து ஸ்ரீ விஜயபுரம்னு எழுதுறான், பயந்துடாதே. அங்கருந்து படகுல ஹேவ்லாக். அதுக்கும் 2018லயே சுவராஜ் தீவுன்னு பேரு மாத்தியாச்சு. பவளம் இருக்குது, ஆமை இருக்குது, முதல்முதலா கத்துக்கிறவனை 18 மீட்டருக்குக் கீழ விட மாட்டான். விசா கேட்டு எவனும் வாசல்ல நிக்க வெக்க மாட்டான். முழுகாம இருக்க வேண்டிய அந்தக் கடைசி நாள்ல என்ன பண்றதுன்னு யோசிக்கிறியா? நேரா ஜெயிலுக்குப் போ. செல்லுலார் ஜெயிலைச் சொல்றேன்டா, 1906ல கட்டி முடிச்சது. உங்கப்பன் கேட்டா "தாத்தாதான் ஜெயிலுக்கு அனுப்பினாரு"ன்னு சொல்லு, கொஞ்ச நேரம் அழட்டும்.

அங்க முழுகிப் பழகு. காதுவலி தாங்குதா, கண்ணாடிக்குள்ள தண்ணி பூந்தா பதறாம இருக்கியான்னு தெரிஞ்சுடும். அடுத்த வருஷம் புயல் மாசத்துல பொனேர் பாத்துக்கலாம்.

என்னடா எழுந்துட்டே? தரகு பேசாம தரகன் எழுந்திரிக்க மாட்டான். இந்தா துண்டு. கையைக் குடு. இந்த விரலைப் புடிச்சா ஒண்ணு, ரெண்டும் சேத்துப் புடிச்சா ரெண்டு. எனக்கு ஒண்ணு போதும். ஜன்னல் ஓரம்.