அம்பாசடருக்கு அரைஞாண்

பழைய அம்பாசடரின் முன்சீட் பெஞ்சு வகை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியொற்றி மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை தயாரான இந்தக் காருக்குக் கியர் நெடுங்காலம் ஸ்டீயரிங் தண்டிலேயே இருந்தது. அதனால் முன்பக்கம் கால் இடிக்க ஒன்றும் இல்லை. ஓட்டுநர் போக எத்தனை பேர் அதில் உட்காரலாம் என்பதற்கு ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கம் திட்டமான விடை கிடையாது. "கொஞ்சம் தள்ளி உக்காரு" என்ற சொல் எடுபடும்வரை உட்காரலாம். சீட்டுக்கு உள்ளே ஸ்பிரிங், மேலே ரெக்சின், அதற்கும் மேலே வெள்ளை டர்க்கி டவல். இந்த டவலை எந்தத் தொழிற்சாலையும் கொடுத்ததில்லை. ஆனாலும் அது இல்லாத அம்பாசடர் அரைகுறையாகத் தெரியும்.

பெஞ்சில் உட்கார்ந்தவரை அதே இடத்தில் நிறுத்திவைக்க எந்த ஏற்பாடும் இல்லை. திருமலைக்கு 1944-இல் திறந்த முதல் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 36. அதில் அம்பாசடர் ஓடிய நாளில், இடப்பக்கம் திரும்பினால் முன்சீட்டார் எல்லோரும் ஓட்டுநர் மேல். வலப்பக்கம் திரும்பினால் எல்லோரும் கதவின் மேல். கதவோரம் உட்கார்ந்தவர் 'கோவிந்தா' சொல்வதில் மற்றவர்களைவிடச் சுருதி கூடியிருக்கும். அதைப் பக்தி என்றே பக்கத்தில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இதற்குத் தீர்வு, பெஞ்சுக்குப் பதில் தனித்தனி சீட்டும் பெல்ட்டும். புது சீட் போடும் வேலை சீட்டில் தொடங்குவதில்லை, தரையில் தொடங்குகிறது. தரைவிரிப்பைத் தூக்கினால் தரைத்தகடு தெரிய வேண்டும். பல வண்டிகளில் ரோடே தெரியும். துரு தின்ற இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்த பிறகுதான் சீட்டைப் பற்றிப் பேசலாம். சீட், பின்னாளைய கார் எதிலிருந்தாவது கழற்றியதாக இருக்கும். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் ஜோடியாகவே கிடைக்கும். அதன் ரெயில் துளைகளும் அம்பாசடரின் துளைகளும் பொருந்திய வரலாறு இல்லை. நடுவே ஓர் இரும்புச் சட்டம் செய்ய வேண்டும். சட்டம் ஓர் அங்குலம், ரெயில் ஓர் அங்குலம், புது ஃபோம் இரண்டு அங்குலம் என்று ஏற ஏற, ஓட்டுநரின் தலை கூரையைத் தொடும், தொடை ஸ்டீயரிங்கைத் தொடும். இதை வேலை முடிந்தபின் கண்டுபிடிப்பதே வழக்கம். முன்னதாக ஒரு மணைப்பலகையை வைத்து உட்கார்ந்து பார்த்தால் போதும். ஆனால் கார் வாங்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டவர் பட்டறையில் பத்துப் பேர் பார்க்க மணையில் உட்கார இசைவதில்லை.

மூன்று முனை பெல்ட் வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் 1959-இல் தந்தது. மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வால்வோ அதன் காப்புரிமையைத் திறந்து விட்டது. அமைப்பு எளிது. ஒரு பட்டை இடுப்பில், ஒரு பட்டை மார்பின் குறுக்கே. இடுப்புப் பட்டை அரைஞாண் கிடக்கும் இடத்தில், இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். தொப்பைமேல் ஏறினால், மோதலின்போது பாரத்தை எலும்புக்குப் பதில் குடல் தாங்க நேரும். தோள் பட்டையின் மேல்முனை தோளுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். கீழே இருந்தால் மோதும்போது தோளைக் கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பை அமுக்கும்.

அந்த மேல்முனைக்கு இடம் முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையிலுள்ள தூண். பார்க்கத் தூண், தட்டினால் தகர டப்பா. நேரே துளை போட்டு போல்ட் முறுக்கினால் மோதலில் போல்ட், பெல்ட், ஆள் மூன்றும் சேர்ந்தே வரும். உட்புறம் தடித்த தகடு வைத்து, அதில் நட்டைப் பற்றவைக்க வேண்டும். தரையிலுள்ள முனைகளுக்கும் அடியில் உள்ளங்கை அகலத் தகடு வேண்டும். இதற்கென்றே உள்ள போல்ட் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. பட்டறையின் பழைய டின்னில் கைவிட்டால் ஏறக்குறைய அதேபோல ஒன்று கட்டாயம் கிடைக்கும். அந்த டின்னைத் தூர வைப்பது நல்லது. பழைய ஃபியட் 1100 வைத்திருப்பவர் பாடு இன்னும் சிரமம்: அதன் முன் கதவுகள் எதிர்ப்பக்கம் திறப்பவை, ஆகவே கதவின் கீலும் அதே தூணில் குடியிருக்கிறது.

பெல்ட்டைச் சுருட்டிக்கொள்ளும் ரீலுக்குள் ஒரு சின்ன குண்டோ ஊசலோ உண்டு. கார் திடீரென நின்றாலோ அதிகம் சாய்ந்தாலோ அது நகர்ந்து ரீலைப் பூட்டும். ரீலையே சாய்த்துப் பொருத்திவிட்டால் நின்றுகொண்டிருக்கும் காரிலேயே பூட்டிக்கொள்ளும். "ஜாம் ஆயிடுச்சு" என்று எண்ணெய் விட்டுப் பயனில்லை, ரீலை நிமிர்த்த வேண்டும். ரீல் இல்லாத வகையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் இறுக்கிக் கட்டியபின் டேஷ்போர்டு பிள்ளையாருக்கு ஊதுபத்தி செருகக் கை எட்டாது.

பெல்ட்டின் நீளத்துக்குச் சித்தூரை அடுத்த காணிப்பாக்கம் நல்ல முன்னுதாரணம். அங்குள்ள வரசித்தி விநாயகர் வளர்ந்துகொண்டே இருக்கிறார் என்பது நம்பிக்கை; ஒரு காலத்தில் சரியாக இருந்த வெள்ளிக் கவசம் இப்போது பொருந்துவதில்லை என்பார்கள். கார் உரிமையாளர்கள் விஷயத்தில் இதற்கு நம்பிக்கை தேவையில்லை, கண்ணே போதும். ஒரு முழம் கூடுதலாகவே வாங்க வேண்டும்.

1993-இன் விதித் திருத்தப்படி முன்சீட் பெல்ட்டைத் தயாரிப்பாளரே பொருத்தித் தர வேண்டும் என்பது 1994 முதல். பெல்ட் போடாவிட்டால் இப்போது அபராதம் 1,000 ரூபாய். பெல்ட்டே இல்லாமல் பிறந்த காருக்கு இது பொருந்தாது. ஆனால் சந்திரகிரி அருகே வெயிலில் நின்று "பெல்ட் ஏதி?" என்று கேட்பவரிடம் 1993-இன் விதித் திருத்தத்தை விளக்குவதைவிட மாட்டிக்கொள்வது சுலபம். ஐம்பது ஆண்டு கடந்த காரை 'விண்டேஜ்' என்று பதிய விரும்புபவர் மட்டும் தூணில் துளை போடுமுன் யோசிக்க வேண்டும். 2021 விதிகள் சேசிஸ், பாடி, எஞ்சின் மாறாமல் இருக்கச் சொல்கின்றன. புதுக் கார்க்காரர்களின் கவலை வேறு. பெல்ட் போடாமலே எச்சரிக்கை மணியை அடக்கும் கிளிப்புகளை வாங்கினார்கள். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் உத்தரவால் இணையக் கடைகளிலிருந்து அகற்றப்பட்ட அத்தகைய விற்பனைப் பட்டியல்கள் 13,118.

வேலை முடிந்த காரில் முன்பக்கம் இரண்டு பேர்தான். சித்தூரிலிருந்து திருப்பதிக்குக் கிளம்பும் காலையில்தான் வீட்டாருக்கு இது உறைக்கும். பெல்ட்டுக்கு ஒரு தலை என்ற கணக்கில் சித்தப்பா பஸ்ஸில் வருவார். கோபமாகத்தான் வருவார், ஆனால் பெரும்பாலும் காருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருப்பார். மலையடிவாரத்து அலிபிரியில் காரை நிறுத்திவிட்டு எல்லோரும் மலைக்குப் போய், முடி காணிக்கை கொடுத்து, மொட்டையில் சந்தனம் பூசித் திரும்புவார்கள். பெஞ்சு சீட்டுக்கு ஹெட்ரெஸ்ட் கிடையாது, மொட்டை காற்றாடும். புது சீட்டுக்கு உண்டு. பின்னாலிருந்து கார் மோதினால் கழுத்தைக் காப்பது அதுதான். பாக்காலா தாண்டுவதற்குள் அதன் நடுவில் தட்டு அளவுக்கு வட்டமாகச் சந்தனம் அப்பியிருக்கும். மறுநாள் ஹெட்ரெஸ்ட்டின் மேல் மடித்துப் போட்ட டர்க்கி டவல் வந்துவிடும்.